ஷஃபான் பதினான்கு, சாப்பிட்ட பின்

கோட்டாற்றில் எங்கள் பள்ளிவாசலின் முதல் வரிசையில் ஜன்னலோரம் அவர் நிற்பார். அவருக்கு இடப்புறம் நான். தொழுகையில் என் வலது பாதம் அவருடைய இடது பாதத்தை ஒட்டியிருக்கும். பல ஆண்டுகள் அப்படித்தான் நின்றோம்.

நோன்பு மாதத்துக்கு முன்பாகப் பள்ளிவாசலும் சுகாதாரத் துறையும் சேர்ந்து முகாம் நடத்தத் தொடங்கின. வியாழக்கிழமைகளில் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மருத்துவர் பேசுவார்: சர்க்கரை உள்ளவர்கள் நோன்பு வைக்கலாமா, மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது. இமாம் பக்கத்திலேயே இருப்பார். பிறகு பரிசோதனை. ஊரில் எது நடந்தாலும் தேதி போட்டு எழுதி வைக்கிறவன் என்பதால் பதிவேட்டை என்னிடம் கொடுத்தார்கள். அன்றைய பக்கத்தின் தலையில், வழக்கம்போல நிலாக் கணக்கு ஹிஜ்ரி தேதியையும் எழுதினேன்: ஷஃபான் பதினான்கு, வியாழன்.

அவர் முறை வந்தது. பலசரக்கு மொத்த வியாபாரி, வாய் ஓயாத கிண்டல்காரர். செவிலியர் கடற்கரைப் பக்கத்துப் பெண்.

“அண்ணாச்சி, சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு?”

அவர் அதற்குப் பதில் சொல்லாமல் விரலை நீட்டினார். “குத்து மோளே. மொளகு மூடை தூக்குன கையாக்கும், பயப்படாது.”

வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் குறுக்கே சொன்னேன்: “மணி அஞ்சாவப்போவுது சிஸ்டர். ரெண்டு மணிக்கே சோறு தின்னுருப்பாரு.” கட்டத்தில் ‘சாப்பிட்ட பின்’ என்று எழுதினேன்.

அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கருவி நூற்று முப்பத்தெட்டு காட்டியது. சாப்பிட்டவருக்குக் கவலையில்லாத எண். இயல்பு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ரமலானில் முப்பது நோன்பும் வைத்தார். கடையில் தகரம் கிழித்து இடது பாதத்தில் ஒரு புண். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

“சீட்டு இருக்கு ஓய். சுகர் இல்லேன்னு நீருதான எழுதுனீரு? இது தானா ஆறும்.”

ஆறவில்லை. ஹஜ் பெருநாளுக்கு மறுவாரம் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனபோது அவர் மனைவி தேநீர் தந்தபடி என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னார்: “பள்ளியில பாத்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு காக்கா. அன்னைக்கும் நோன்பு புடிச்சிட்டுத்தான் வந்தாவ.”

“ஏட்டி, போதும்,” என்றார் அவர்.

மாதந்தோறும் நிலவு நிறைகிற பதின்மூன்று, பதினான்கு, பதினைந்தாம் நாட்களில் விரும்பியவர்கள் நோன்பு வைப்பதுண்டு. கடமையல்ல. வைப்பவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். பிறர் பார்க்கச் செய்தால் அதன் நன்மை போய்விடும். அவர் பொய் சொல்லவில்லை. பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். பதிலைச் சொன்னவன் நான். விடியலுக்கு முன்பிருந்து வெறும் வயிற்றில் இருந்தவருக்கு நூற்று முப்பத்தெட்டு என்றால் அது நோய். அன்றே தெரிந்திருந்தால் மாத்திரை தொடங்கியிருக்கலாம், புண்ணை அலட்சியம் செய்திருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்து பதிவேட்டைத் திறந்தேன். பதினான்கு என்று மேலே என் கையெழுத்திலேயே இருந்தது.

ஒன்பது வியாழக்கிழமைகள் சொல்லாமல் இருந்தேன். பத்தாவது வியாழன் பதிவேட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

“தெரியும் ஓய்,” என்றார். “ஆஸ்பத்திரியில பெரிய டாக்டர் வெறும் வயித்துக்கு எவ்வளவுன்னு கேட்டாரு. அப்பமே புரிஞ்சுபோச்சு.”

“பொறவு ஏன் என்கிட்டச் சொல்லல?”

“சொன்னா திருத்துறதுக்கு நோட்டத் தூக்கிட்டு வந்துருவீரு. பையில என்ன?”

பதிவேட்டை வெளியே எடுத்தேன்.

“அதுல நோன்புன்னு எழுதாதேயும். நாலுபேரு வாசிப்பான். அது எனக்கும் படைச்சவனுக்கும் உள்ள காரியம்.”

“அப்போ தப்பு அப்படியே கெடக்கட்டுமா?”

“கெடக்கட்டும். காலுதான் போச்சு, நோன்பாவது மிஞ்சட்டும்.”

இந்த ஆண்டு முகாமில் தடுப்புத் துணி கட்டி, ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, இன்று நோன்பா என்று முதலில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பதில் அவரவர் சீட்டில் மட்டும் ஏறும், பதிவேட்டுக்கு வராது. செவிலியர் காரணம் கேட்டார். பொதுவாக ஏதோ சொல்லிவைத்தேன்.

பழைய பக்கம் திருத்தப்படாமல் இருக்கிறது. அவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்து தொழுகிறார். தக்பீர் கட்டித் தொழுகை தொடங்கியதும் என் வலது பாதம் பழக்கத்தில் நகர்கிறது. நாற்காலிக் காலின் இரும்பு சில்லென்று படுகிறது. தொழுகை முடிந்து ஸலாம் கொடுக்க அவர் இடப்பக்கம் திரும்பும்போது முகம் என் பக்கம் வருகிறது. எல்லோரும் எழுந்து போன பிறகு கேட்பார்:

“நோட்டுல கை வெக்கலியே ஓய்?”

“இல்ல,” என்பேன்.

பெயர் போடாமல் இங்கே எழுதியது கை வைத்ததில் சேருமா, தெரியவில்லை.