புகையில்லா அடுப்பும் விஜயா வீட்டு மொச்சையும்

களிமண்ணோடு சாணமும் உமியும் போட்டு மிதித்தால் ஒரு வாசனை வரும்... தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மேல் எப்போதும் அந்த வாசனைதான். எவ்வளவு சோப்பு போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அரசுத் திட்டம் ஒன்றில் வீடு வீடாகப் போய்ப் புகையில்லா அடுப்பு கட்டித் தரும் வேலை. திருவண்ணாமலையிலிருந்து சைக்கிளில் அடி அண்ணாமலைக்குப் போவேன், கேரியரில் அடுப்பு அச்சைக் கட்டிக்கொண்டு. இரண்டு பாத்திரம் வைக்கலாம், கூரை ஓட்டைப் பிரித்து மேலே ஒரு சிமெண்ட் குழாய் போகும், புகையெல்லாம் அது வழியாக வெளியே. விறகு கம்மியாகும், காடு பிழைக்கும், உங்கள் கண்ணும் பிழைக்கும் என்று மனப்பாடமாக ஒப்பிப்பேன்.

ஊரில் என்னை 'அடுப்பு டீச்சர்' என்றார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

அந்த ஊர் விஜயா நான் பேசி முடிப்பதற்குள் சரி என்றுவிட்டாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண். அடுப்பு மூட்டினால் போதும், குழந்தைக்கு இழுப்பு வந்துவிடும். விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும்... பார்க்கவே முடியாது.

பக்கத்து வீடு அவளுடைய ஓரகத்தி சரோஜா. ஒரே சுவர்தான், ஆனால் ஒரு முருங்கை மரத் தகராறில் இருவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. குழாய் வழியாகப் பாம்பு இறங்கும் என்று சொல்லி சரோஜா என்னை வாசலோடு அனுப்பிவிட்டாள்.

மாசி மாதம் விஜயா வீட்டில் அடுப்பு கட்டினேன். அழகாக வந்தது. ஆபீசில் போட்டோ கேட்டிருந்தார்கள். பார்த்தால், அடுப்புக்கு மேலே விட்டத்தில் கரி பிடித்த துணி மூட்டை ஒன்று தொங்குகிறது. உள்ளே மொச்சை விதை. அடுத்த ஆடியில் விதைப்பதற்காக வைத்தது.

நான்தான் இறக்கச் சொன்னேன். புது அடுப்புக்கு மேலே இப்படி அழுக்கு மூட்டையா, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், சுத்தமாக இருக்கும் என்றேன். அவள் கொஞ்சம் தயங்கினாள். டீச்சர் சொல்கிறாளே என்று செய்தாள்.

ஆடி பிறந்ததும் கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். டப்பாவைத் திறந்து முறத்தில் கொட்டிக் காட்டினாள். ஒரு விதை மிச்சமில்லை, எல்லாவற்றிலும் ஓட்டை. வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது, கூடவே மாவு...

அந்தப் புகைதான் இத்தனை வருஷமாக விதையைக் காப்பாற்றியிருக்கிறது. அதைத்தான் நான் குழாய் வைத்து வெளியே அனுப்பியிருக்கிறேன்.

விஜயா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"பொண்ணு நல்லா மூச்சு விடுது டீச்சர். அதுக்கு உங்கள கும்புடணும். ஆனா ஆடி பொறந்துடுச்சு, விதைக்க என்கிட்ட இன்னா இருக்குது?"

கடையில் விதை வாங்கலாமே என்று இழுத்தேன். கடை விதைக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டும் என்றாள். அவர்களுக்கு இருந்ததோ ஒரு துண்டு மானாவாரி நிலம். மழை ஒரு மாதம் தள்ளிப் போனாலும் பூவைக் கொட்டாமல் நிற்பது அந்த மொச்சை ஒன்றுதான். குடும்பம் பாகம் பிரித்தபோது நிலத்தோடு அந்த விதையையும் இரண்டாகப் பிரித்தார்களாம்.

அப்படியானால் இன்னொரு பாதி எங்கே?

சுவருக்கு அந்தப் பக்கம். பழைய அடுப்புக்கு மேலே, புகையில்.

போய் நின்றேன். என் தப்பு என்று சரோஜாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அவ வரட்டும்."

விஜயா வந்தாள். வாசற்படியில் நின்றாள். நான் நடுவில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். சரோஜா உள்ளே போய் மூட்டையை எடுத்து வந்து முடிச்சை அவிழ்த்தாள். விஜயா முந்தானையை விரித்துப் பிடித்தாள். பாதிக்கு மேலேயே கொட்டினாள் சரோஜா.

கொட்டிவிட்டுக் கேட்டாள், "புள்ளைக்கு இழுப்பு எப்படி இருக்குது?"

விஜயா அழுதுவிட்டாள். நானும்தான்.

அடுத்த வாரம் சரோஜாவும் அடுப்பு கட்டச் சொன்னாள். பாம்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை! விறகு தள்ளும் வாய்ப் பக்கம் எப்படியும் கொஞ்சம் புகை தப்பி வரும். அதற்கு நேர் மேலே இரண்டு வீட்டு விட்டத்திலும் ஆணி அடித்துக் கொடுத்தேன், மூட்டை மாட்ட. அதற்குப் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பேன். மனப்பாடப் பேச்செல்லாம் அப்புறம்தான்.

சில வருஷத்தில் திட்டம் முடிந்தது. எனக்கு வேங்கிக்காலில் ஆபீஸ் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, சைக்கிள் போனது. இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்தப் பக்கமெல்லாம் கேஸ் அடுப்பு.

போன பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டத்தில் விஜயாவைப் பார்த்தேன். பெண் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாளாம், மூச்சுக்கு ஒரு குறையும் இல்லையாம். சரோஜாவும் சௌக்கியம். பேச்சோடு பேச்சாக மொச்சையைப் பற்றிக் கேட்டேன்.

"அது எப்பவோ போச்சு டீச்சர். கேஸ் வந்தப்புறம் வண்டு வுடல, ரெண்டு வூட்லயும் இல்ல. இப்பதான் அது வேணும். மழை எப்ப வருது, எப்ப போவுதுன்னே தெரியல. பாக்கெட் விதை பத்து நாள் வெயில் தாங்க மாட்டுது."

கேஸ் வந்தது நல்லதுதான். அந்தக் குழந்தை இழுத்த இழுப்பைக் கண்ணால் பார்த்தவள் நான். புகை திரும்ப வரட்டும் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த இரண்டு வீட்டிலும் சிலிண்டர் வந்து இறங்கிய அன்று, இனிமேல் விதையை எங்கே வைப்பீர்கள் என்று கேட்க ஒருவரும் போகவில்லை. கேட்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்... வேங்கிக்காலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.