அப்பாவைக் கூப்பிடும் மணி

என் மேஜைமேல் ஒரு மணி இருக்கிறது. கவிழ்த்து வைத்த பித்தளைக் கிண்ணம் மாதிரி இருக்கும். உச்சியில் உள்ள குமிழைத் தட்டினால் 'டிங்' என்று சத்தம் வரும், வாசல் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் சேவகர் எழுந்து உள்ளே வருவார். அந்தச் சேவகர் என் அப்பா. வேலையில் சேர்ந்த முதல் சில மாதங்கள் அந்த மணியை நான் தொடவே இல்லை. தொடாததால் என்ன வந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற சாலையில் எங்கள் ஊர். பெயர் சொல்லமாட்டேன், இன்னும் அந்தப் பஞ்சாயத்து போர்டு ஆபீஸில்தான் எனக்குச் சோறு. பெரிய ஆபீஸ் இல்லை. நீளமாக ஒரு கூடம், பின்னால் ரிக்கார்டு அறை, முன்னால் வராந்தா. ஆனால் யார் எந்த வகை உத்தியோகம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, நாற்காலியைப் பார்த்தால் போதும். பிரம்பு பின்னிய, கை வைத்த நாற்காலி நிர்வாக அதிகாரிக்கு. பலகை போட்ட, கை வைத்த நாற்காலி ஹெட்கிளார்க்குக்கு. குமாஸ்தா நாற்காலிக்குக் கை கிடையாது. சேவகருக்கு ஸ்டூல், அதற்கு முதுகும் கிடையாது. விதிப் புத்தகத்தில் சேவகர்களுக்குக் கடைநிலை ஊழியர் என்று பெயர். அதற்கும் கீழே தெருக்கூட்டுகிறவர்கள், குப்பை வண்டிக்காரர்கள். அவர்களுக்கு உட்கார ஒன்றுமில்லை, பதவி என்றும் ஒன்றுமில்லை. வேலை இருக்கிற அன்றைக்குக் கூலி. 'கண்டிஞ்சென்ட் ஆளுங்க' என்று சொல்வோம்.

அப்பா பல வருஷம் அந்தக் கண்டிஞ்சென்ட் வகையில்தான் இருந்தார், தெருவிளக்குக்கு எண்ணெய் ஊற்றி ஏற்றுகிற வேலை. ஊருக்குக் கரண்ட் வந்ததும் அந்த வேலை போயிற்று. நல்லவேளையாக அதே சமயம் போர்டுக்கு இரண்டாவது சேவகர் பதவி ஒன்று மேலிடத்தில் அனுமதியாகி, அது அப்பாவுக்குக் கிடைத்தது. தோளில் குறுக்கே மாட்டும் சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் கொடுத்த அன்று, அம்மாவைக்கூடத் தொடவிடாமல், வில்லையைத் தானே புளி போட்டுத் தேய்த்தார். "இனிமே மழ பேஞ்சாலும் சம்பளம் உண்டு, பாப்பா" என்றார். மழை நாளில் விளக்கு ஏற்றாவிட்டால் கூலி இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முதல் சேவகர் எங்கள் தெரு முனையில் இருந்த பாய். வயதில் அப்பாவைவிடச் சின்னவர், பதவியில் மூத்தவர். "அண்ணே, வயசுக்கு நீங்க அண்ணன், வில்லைக்கு நான் அண்ணன்" என்று சொல்லியே அப்பாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கிருஷ்ணகிரியில் டைப்ரைட்டிங் லோயரும் தேறி, வீட்டில் கால் தரிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன். சேலத்து வேலைவாய்ப்பு ஆபீஸில் பெயரைப் பதிந்து வைத்திருந்தேன். எங்கள் ஊர் போர்டில் ஒரு குமாஸ்தா இடம் காலியானபோது சேலத்திலிருந்து அனுப்பிய பெயர்களில் என் பெயரும் வந்துவிட்டது. அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. தபாலைப் பிரித்து ஹெட்கிளார்க்கிடம் நீட்டியவரே அவர்தான், ஆனால் அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

பேட்டி நடந்த அன்று வாசலில் நின்று பெயர் கூப்பிடுவது அப்பாவின் முறை. அஞ்செட்டியிலிருந்து பஸ் கிடைக்காமல் பாதி வழி நடந்தே வந்த ஒரு பையன் எனக்கு முன்னால் உள்ளே போனான். அவன் வெளியே வந்ததும் அப்பா காகிதத்தைப் பாய் பக்கம் நீட்டினார், பாய் காதோடு படித்துச் சொன்னார். அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு என் பெயரை முன்னெழுத்தோடு முழுசாகக் கூப்பிட்டார். அந்த முன்னெழுத்து அவருடைய பெயருக்கு உரியது.

"உள்ள போங்க" என்றார்.

அப்பா என்னை 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

உள்ளே போர்டு பிரசிடெண்ட் தெலுங்கில் ஒன்று கேட்டார், கன்னடத்தில் ஒன்று கேட்டார். எங்கள் பக்கத்தில் வரி கட்ட வருகிறவர் எந்தப் பாஷையில் சண்டை போடுவார் என்று சொல்ல முடியாது, அதனால் அந்தப் பரீட்சை. டக்டக்கென்று பதில் சொன்னேன். கடைசியில் தமிழுக்கு வந்தார்.

"வாசல்ல நிக்கறது உங்கப்பன்தான? நாளைக்கி அவருகிட்டயே வேல வாங்கணுமே..."

"வாங்குவேனுங்க!"

அவர் கேட்டு முடிக்கவே இல்லை. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வது என் பழக்கம், பள்ளிக்கூடத்திலேயே அதற்காகப் பெஞ்சுமேல் ஏறியிருக்கிறேன். அப்பனும் மகளும் ஒரே ஆபீஸில் இருக்கலாமா என்று ஹெட்கிளார்க் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒருவர் கடைநிலை, ஒருவர் எழுத்து வேலை; வகை வேறு, போட்டி இல்லை, தடையும் இல்லை என்று சொன்னார். எனக்கு வேலை கிடைத்தது.

முதல் நாள் நான் வராந்தாப் படி ஏறியதும் அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார்.

"அப்பா, ஒக்காருங்கப்பா."

"இது ஊடு இல்லீங்க" என்றார் அப்பா, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு. பாய் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்படித்தான் தினமும் நடந்தது. நான் வந்தால் எழுந்திருப்பார், போனால் எழுந்திருப்பார். அவர் எழுந்திருக்கக் கூடாது என்று நான் சுவரோரமாகப் பதுங்கிப் பதுங்கிப் போவேன். அதைப் பார்த்து உள்ளே யாராவது இருமினால் போதும், அப்பா திரும்பிப் பார்த்து எழுந்துவிடுவார். சாயங்காலம் சேர்ந்து வீட்டுக்குப் போவோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தபால்பெட்டி வரைக்கும் அவர் எனக்கு ஓர் அடி பின்னால் வருவார். தபால்பெட்டி தாண்டியதும் பட்டையைக் கழற்றி மடித்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிடுவார். "என்ன பாப்பா, மத்தியானம் சோத்துல பாதிய வெச்சிட்டியாமே, பாய் சொன்னாரு" என்று அங்கேதான் ஆரம்பிப்பார்.

மணியை நான் எப்படித் தட்டுவேன்? ஃபைல் வேண்டுமென்றால் நானே ரிக்கார்டு அறைக்கு ஓடினேன். மைக்கூட்டை நானே நிரப்பினேன். ஹெட்கிளார்க் மேஜைக்குக் காகிதங்களை நானே கொண்டுபோனேன். ஒரு இடத்தில் உட்கார முடியாத உடம்பு எனக்கு, அதனால் கஷ்டமாகவும் இல்லை. போகப் போக அடுத்த மேஜைக் குமாஸ்தாவும் "அப்பிடியே எனக்கும் அந்த ஃபைல் கட்ட எடுத்துட்டு வந்துரும்மா" என்று பழகிவிட்டார். தபாலைக்கூட நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான் பெரிய உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கணக்குத் தணிக்கைக்காகச் சேலத்திலிருந்து ஆடிட்டர் வந்தார். சாமல்பட்டியில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் மாறி, புருவம் முழுக்கப் புழுதியோடு வந்து சேர்ந்தார். கூடத்தில் எனக்கு நேர் எதிரே அவருக்கு மேஜை போட்டார்கள். வரவு செலவோடு, எந்தப் பதவிக்கு அனுமதி உண்டு, அதில் யார் இருக்கிறார், அவருக்கு உண்மையில் வேலை இருக்கிறதா என்றும் பார்ப்பார். தலையே நிமிராத மனுஷர் என்று நினைத்தேன். ஆனால் எல்லாம் பார்த்திருக்கிறார்.

ஒரு நாள் மத்தியானம் ஹெட்கிளார்க் என்னை ரிக்கார்டு அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ரெண்டாவது சேவகருக்கு வேல இல்ல, அந்தப் பதவிய எடுத்துரலாம்னு ஆடிட்டர் எழுதப் போறாரும்மா."

"ரெண்டாவதுன்னா..."

"கடைசியா வந்தவரு. உங்கப்பாதான். பதவி போனா மறுபடியும் கண்டிஞ்சென்ட். குப்ப வண்டியில ஒரு ஆளு கொறையுது, அங்க போடலாம்."

"அப்பாவுக்கா வேல இல்ல? நாள் முழுக்க..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டேன். நாள் முழுக்க அப்பா என்ன செய்தார் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

"அவரு செய்யிற வேலய எல்லாம் நீதானம்மா செய்யிற?" என்றார் ஹெட்கிளார்க், மெதுவாக.

நான் அங்கே நிற்கவில்லை. நேரே ஆடிட்டர் முன்னால் போய் நின்று, விதிப் புத்தகத்தில் சேவகர் வேலை என்னென்ன என்று எழுதியிருப்பதை எல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பொஸ்தகத்துல இருக்கறது எனக்கும் தெரியும்மா. நான் வந்ததுலருந்து அந்தாளு ஸ்டூல விட்டு எந்திரிக்கறது நீங்க வரும்போதும் போகும்போதும்தான். அதுக்கு ஒரு பதவி வெக்க முடியுமா?"

அன்று சாயங்காலம் தபால்பெட்டி வருவதற்கு முன்னாலேயே நான் பின்பக்கம் திரும்பி அழ ஆரம்பித்துவிட்டேன். அப்பா பதறிப்போய், நடுச்சாலையிலேயே பட்டையைக் கழற்றினார். விஷயத்தைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் பட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"அதான் பாக்கறன். எல்லாத்தயும் புள்ள தானே ஓடி ஓடி எடுக்குது, நம்ம கை அழுக்கா இருக்குதோ என்னமோன்னு நெனச்சன்."

"ஐயோ, அப்பா! நான் அதுக்கா..."

"தெரியும் பாப்பா, தெரியும். சும்மா சொன்னன்." பிறகு, "எனக்கு ஒக்காந்துகிட்டே சம்பளம் வாங்கத் தெரியாது. ஒரு ஓரமா அது உறுத்திகிட்டேதான் இருந்துச்சி. நீ கூப்புட்டா நான் வர்றதுல எனக்கு என்ன கொறஞ்சி போவுது? தொட்டில்ல கெடந்து நீ கத்தறப்பெல்லாம் ஆரு எந்திரிச்சி வந்தாங்க? உங்கம்மாவா? அவ தூங்கற தூக்கத்துக்கு?"

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பா ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, ஸ்பூனை என் கையில் கொடுத்தார்.

"தட்டு. ஒரு தட்டு."

நான் பட்டும் படாமலும் தட்டினேன். அப்பா அசையவில்லை. "கேக்கல" என்றார். ஓங்கித் தட்டினேன். எழுந்து வந்து எதிரே நின்று, "கூப்புட்டீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அடுப்படியிலிருந்து அம்மா, "அப்பனுக்கும் மகளுக்கும் என்ன கூத்து? டம்ளரு நசுங்குனா புதுசு ஆரு வாங்கறது?" என்று கத்தினாள்.

மறுநாள் ஆடிட்டர் எனக்கு எதிரே உட்கார்ந்து கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு பழைய வீட்டு வரி ஃபைல் தேவைப்பட்டது. வழக்கம்போல எழுந்துவிட்டேன், பிறகு உட்கார்ந்தேன். கையை மணிக்குக் கொண்டுபோனேன். வாசலைப் பார்த்தேன். அப்பா ஸ்டூலின் நுனிக்கு வந்து, ஓட்டப் பந்தயத்துக்கு நிற்கிற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தட்டினேன்.

சத்தம் அடங்குவதற்குள் அப்பா மேஜைக்கு முன்னால் நின்றார். "கூப்புட்டீங்களா?"

"போன வருஷத்து வீட்டு வரி ஃபைல்... சந்தத் தெருவுது. எடுத்துட்டு வாங்க."

ஆடிட்டர் நிமிர்ந்தார். "சேவகருகிட்ட என்னம்மா, 'வாங்க போங்க'ன்னு?"

"எங்கப்பாங்க."

ஆடிட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்க்க, வாசலிலிருந்து பாய், "அது தெரியாமயா சார் இத்தன நாளா எங்கள எண்ணிகிட்டு இருந்தீங்க?" என்றார். ஹெட்கிளார்க் அவசரமாக இருமினார்.

"இங்க பாரும்மா, எனக்கு அப்பன் மகள்னு கணக்கு கெடையாது. வேல இருக்குதா, ஆளு இருக்குதா, அவ்வளவுதான்" என்றார் ஆடிட்டர். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நான் ஊருக்குப் போறவரைக்கும் இந்த மணி கேக்கணும். கேட்டா எழுதமாட்டேன்."

கேட்டது. அவர் இருந்த மிச்ச நாட்களில் நான் தட்டிய தட்டுக்குப் பாய் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். ஃபைல், மை, தபால், அடுத்த மேஜைக் குமாஸ்தாவின் கட்டு எல்லாம் அப்பா கைக்குத் திரும்பிப் போயின. ஹெட்கிளார்க் இரண்டு சேவகர்களுக்கும் வேலையைப் பிரித்து ஓர் உத்தரவு போட்டார். ஆடிட்டர் பதவியில் கைவைக்காமல், அந்த உத்தரவின் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு சாமல்பட்டிக்குப் பஸ் ஏறினார். அவர் தோல்பையை பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனது அப்பா. வேண்டாம் என்று அவர் தடுத்தாராம். "என் வேலைங்க" என்று அப்பா வாங்கிக்கொண்டாராம்.

அன்று சாயங்காலம் தபால்பெட்டி தாண்டியதும் அப்பா பட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். கால் வலித்திருக்க வேண்டும், மெதுவாகத்தான் நடந்தார். நானும் என் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

"பாப்பா."

"சொல்லுங்கப்பா."

"நாளையிலருந்து அவ்ளோ ஓங்கித் தட்டாத. அந்தாளுதான் போயிட்டாரே. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."