பனாமாவில் பசிபிக் எந்தப் பக்கம்

ரயிலில் எங்கள் நால்வருக்குள் ஒரு சட்டம் இருந்தது. கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னவள் இறங்கும்வரை நிற்க வேண்டும். அரசு வேலைக்கான தேர்வு எழுத, கொரட்டூருக்கு வகுப்புக்குப் போகிறவர்கள் நாங்கள். சட்டம் போட்டவள் நான். எது சரி, எது தப்பு என்று தீர்ப்புச் சொன்னவளும் நான்தான். வயதில் மூத்தவள், அதட்டத் தெரிந்தவள், வேறு தகுதி கிடையாது.

எங்களில் சின்னவள் வேப்பம்பட்டில் ஏறுவாள். நான் ஆவடியில் ஏறும்வரை ஜன்னலோரத்தில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். போன தேர்வில் ஒரே ஒரு கேள்வியில் வேலையைக் கோட்டை விட்டவள். அதனால் உலகத்து விசித்திரமெல்லாம் அவள் நோட்டில் இருக்கும். பிரான்சின் மிக நீளமான நில எல்லை, தென் அமெரிக்காவில் அதற்கிருக்கும் துண்டு நிலத்தால், பிரேசிலோடு. நார்வேக்கும் வட கொரியாவுக்கும் நடுவில் இருப்பது ஒரே நாடு, ரஷ்யா. முதலில் கேட்டபோது கதை விடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

மாதிரித் தேர்வு நடந்த அன்று காலை நான் கேட்டேன். அட்லாண்டிக்கிலிருந்து பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக்குக்குப் போகும் கப்பல் எந்தத் திசையில் போகும்?

"தென்கிழக்குக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பசிபிக் மேற்கால கீது. கப்பல் இன்னாத்துக்குக் கிழக்கால போவுது?"

"இல்லக்கா, அந்த எடத்துல நெலமே வளைஞ்சிகினு..."

"எந்திரி."

நாங்கள் மூன்று பேரும் சிரிக்க, அவள் கொரட்டூர் வரை நின்றுகொண்டு வந்தாள்.

சாயங்காலம் மகனுடைய அட்லாஸைப் பிரித்தேன். அவளைத் தோற்கடிக்கத்தான் பிரித்தேன், ஒளிப்பானேன். வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் சேர்க்கும் ஒல்லியான கழுத்து அந்த இடத்தில் படுத்து வளைந்திருந்தது. கால்வாயின் பசிபிக் வாய் கிழக்கே தள்ளி இருந்தது. அங்கே சில இடங்களில் சூரியன் பசிபிக்கில் உதிக்குமாம். பிறந்ததிலிருந்து இந்தத் தண்டவாளத்தோரம் குடியிருக்கிறேன். சென்ட்ரல் பக்கம் போனால் கிழக்கு, திரும்பினால் மேற்கு. உலகம் முழுக்க இப்படி நேராகத்தான் கிடக்கும் என்று புத்தி பழகிப்போயிருந்தது. வெட்கமாக இருந்தது. நாளைக்கே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஜன்னலோரத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவள் கதவருகே நின்றிருந்தாள். மற்ற இருவருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"பனாமா விஷயத்துல நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. உன்ன நிக்க வெச்சதும் தப்பு."

அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள். "நேத்து டெஸ்ட்ல அதே கேள்விக்கா. தென்கிழக்குன்னுதான் எழுதினேன். அப்பறம் உங்க மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. அடிச்சிட்டு மேற்குன்னு போட்டேன்."

நிஜமான தேர்வு வரும் ஞாயிற்றுக்கிழமை.

"ஞாயித்துக்கெழம யார் மூஞ்சி ஞாபகம் வந்தாலும் அடிக்காத" என்றேன்.

"அடிக்க மாட்டேன். ஆனா இனிமே நீங்க தீர்ப்பு சொல்ல வேணாங்கா. நாங்களே மேப் பாத்துக்கறோம்."

மற்ற இருவரும் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். சுருக்கென்றுதான் இருந்தது. சரி என்றேன். அம்பத்தூர் வந்தபோது அவள் நோட்டைப் பிரித்து அடுத்த கேள்வியைக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று முதல் ஆளாகச் சொன்னேன்.