இணைப்பு அவர் பெயரில் இருந்தது

என் கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பக்கவாதம் அவருடைய வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டது, கூடவே பேச்சையும். நாங்கள் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் வந்தது ஒரே ஒரு சொல்தான்: "நோ." காபி வேண்டுமா என்றாலும் நோ, முதுகு வலிக்கிறதா என்றாலும் நோ. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் அதே சொல். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஃபைல்களில் எழுதிய இங்கிலீஷில் அது மட்டும் எப்படித் தங்கியது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. சிலருக்கு வசவு தங்கும், சிலருக்குச் சாமி பெயர் தங்கும் என்றார்.

பேச்சுப் பயிற்சியை உடனே தொடங்க வேண்டும், முதல் சில மாதங்கள்தான் முக்கியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாய்மொழியில் நடந்தால் நல்லது என்றும் சொன்னார். டெல்லியில் எங்களுக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஒரே மகள் தேடிப் பிடித்த ஆசிரியை சென்னையில் இருந்தார். திங்கள், புதன், வெள்ளி, காலை பதினோரு மணிக்கு வீடியோவில் வருவதாக ஏற்பாடு.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு நாங்கள் டெல்லியிலேயே துவாரகாவில் ஒரு ஃப்ளாட்டுக்கு வந்திருந்தோம். தரைத்தளம். நாலு பக்கமும் கட்டடம். சமையலறை ஜன்னலோரம் நின்றால் மொபைலில் பேசலாம், அவ்வளவுதான். படம் வர வேண்டுமென்றால் வைஃபை வேண்டும். அது முழுக்க அவருடைய இலாகா. நான் ஒரு அமைச்சகத்தில் ஸ்டெனோவாக இருந்து ரிட்டயர் ஆனவள். கண்ணை மூடிக்கொண்டு டைப் அடிப்பேன். ஆனாலும் ஹாலில் ஷெல்ஃபின் மேல் இருந்த அந்த வெள்ளைப் பெட்டியின் பக்கம் நான் போனதில்லை. தூசி தட்டக்கூட அவர் விட்டதில்லை.

சனிக்கிழமை, ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஹாலில் போட்டோம். கட்டில் கொண்டுவந்த ஆட்கள் ஷெல்ஃபை நகர்த்தியதில் வைஃபை நின்றுபோயிற்று. சமையலறை ஜன்னலுக்குப் போய் மகளைக் கூப்பிட்டேன்.

"அம்மா, அச்சா, சுனோ, சொல்றதைக் கேளு. டென்ஷன் ஆகாதே. பெட்டி பின்னாடி பட்டன் இருக்கும். அதை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணு. பஸ், அவ்ளோதான், வந்துடும்" என்றாள். எந்தப் பட்டன் என்று நான் கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

பெட்டியின் பின்னால் ஒரு பட்டனும், அதற்குச் சற்றுத் தள்ளி ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளையும் இருந்தன. பட்டனை அமுக்கிப் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி அந்தத் துளைக்குள் விட்டு அழுத்திப் பிடித்தேன். கட்டிலில் இருந்து அவர் "நோ, நோ, நோ" என்றார். எப்போதும் சொல்கிற நோதானே என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்து மறுபடி ஒவ்வொன்றாக எரிந்தன. சாதித்துவிட்ட சந்தோஷத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

என் ஃபோனில் எங்கள் வைஃபையின் பெயரைக் காணவில்லை. அந்த இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒன்று இருந்தது. மகள் மறுபடி கூப்பிட்டபோது துளையைப் பற்றிச் சொன்னேன். "அம்மா, நீ ரீசெட் பண்ணிட்ட" என்றாள். பெட்டிக்குள் அப்பா போட்டு வைத்திருந்ததெல்லாம் அழிந்துவிட்டது, இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ஐடியும் பாஸ்வேர்டும் மறுபடி போட்டால்தான் இணைப்பு வரும் என்று விளக்கினாள். அங்கிருந்து அவள் கம்பெனியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அந்த நம்பர் வெளிநாட்டிலிருந்து போகவில்லை.

நான்தான் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று கால் மணி நேரம் கழித்து ஒரு பெண் ஹிந்தியில் பேசினாள். குரலைக் கேட்டால் என் மகளைவிடச் சின்னவள். மரியாதையாகத்தான் பேசினாள். இணைப்பு சார் பெயரில் இருக்கிறது, விவரங்களை அவருக்குத்தான் கொடுக்க முடியும் என்றாள். அவர் நிலைமையைச் சொன்னேன். உண்மையிலேயே வருத்தப்பட்டாள். பிறகு, அவர் பெரிதாக எதுவும் பேச வேண்டாம், நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன், சரி என்று சொன்னால் போதும், உங்களிடமே கொடுத்துவிடுகிறேன் என்றாள்.

வீல்சேரைச் சமையலறை ஜன்னல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தேன். வாசற்படியில் சக்கரம் மாட்டிக்கொண்டது, தூக்கித் தாண்ட வைத்தேன். ஸ்பீக்கரைப் போட்டு அவர் வாயருகே பிடித்தேன்.

"ஏங்க, சரின்னு சொல்லுங்க. தலையாட்டினா அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. வாயால சொல்லணும்."

அவருக்குப் புரிந்தது. நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். அவள் ஹிந்தியில் தெளிவாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்: உங்கள் கணக்கு விவரங்களை உங்கள் மனைவிக்குக் கொடுக்கலாமா?

அவர் உதடுகள் குவிந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. எங்கோ ஆழத்தில் இருந்து எதையோ தூக்கிக் கொண்டுவருகிற மாதிரி இருந்தது.

"நோ" என்றார்.

அவள் இன்னொரு தடவை கேட்டாள். "நோ" என்றார், முன்னைவிடத் தெளிவாக. தலை மட்டும் ஆமாம் ஆமாம் என்று ஆடிக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் நின்றது.

"மேடம், சார் மனா கர் ரஹே ஹை" என்றாள் அந்தப் பெண். சார் வேண்டாம் என்கிறாரே. அது அப்படி இல்லையம்மா, அவர் சொல்வது சரி என்றுதான் என்று நான் ஹிந்தியில் என்னென்னவோ சொன்னேன். அழைப்பு ரெக்கார்ட் ஆகிறது, அவர் மறுத்தது பதிவாகிவிட்டது, இனி என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். லைன் பழுது என்று ஒரு புகார் மட்டும் எழுதிக்கொள்கிறேன், செவ்வாய்க்கிழமை ஆள் வருவார் என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

எங்காவது எழுதி வைத்திருப்பார் என்று அன்று மதியம் முழுக்கத் தேடினேன். பழைய டைரிகள், பீரோவில் இருந்த உறைகள், ஐ.என்.ஏ. மார்க்கெட் மளிகைக்கடையில் வருஷா வருஷம் கொடுக்கும் தமிழ்க் காலண்டர். அதன் முதுகில்தான் அவர் கேஸ் புக்கிங் நம்பரெல்லாம் குறித்து வைப்பார். ஒவ்வொன்றையும் அவர் முன்னால் நீட்டி இதுவா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் நோ. எந்த நோ ஆமாம், எந்த நோ இல்லை என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கடைசியில் இடது கையால் டைரிகளைத் தள்ளிவிட்டார். அவை கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தன. நான் எடுக்கவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

திங்கட்கிழமை வந்துவிட்டது. முதல் பாடத்தையே தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. காலனி கேட்டுக்கு வெளியே மொபைலில் படம் நன்றாக வரும். ஜனவரிக் குளிர். ஸ்வெட்டர், மேலே சால்வை, தலையில் குல்லாய் எல்லாம் போட்டு அவரைக் காவலாளியின் அறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். பனிமூட்டம் அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு ஆசிரியையின் முகம் வந்தது. வணக்கம் சொல்லிவிட்டு, வாயை அகலமாகத் திறந்து ஆ சொல்லுங்கள் என்றார்.

காய்கறி வண்டிக்காரர் நின்று பார்த்தார். இரண்டாம் மாடி அம்மாள் நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு, அங்கிள் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஹிந்தியில் கேட்டார். என் கணவர் ஒரு செக்ஷனையே அதட்டி வேலை வாங்கியவர். வாயை இறுக மூடிக்கொண்டார். பிறகு கண்ணையும் மூடிக்கொண்டார். நான் தோளைத் தொட்டதும் தோளை விலக்கிக்கொண்டார்.

ஆசிரியைக்குப் புரிந்துவிட்டது. "இன்னைக்கு இது போதும்மா. சாரை உள்ள கூட்டிட்டுப் போங்க. ஒண்ணு மட்டும் பண்ணுங்க. அவர்கிட்ட எதுவா இருந்தாலும் வார்த்தையா பதில் கேக்காதீங்க. உங்க கையை அவர் இடது கையில குடுங்க. ஆமான்னா அழுத்தட்டும், இல்லைன்னா விட்டுரட்டும்" என்றார்.

மூன்று வாரமாக இது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கையைக் கொடுத்தேன். "பாஸ்வேர்டை எங்கயாவது எழுதி வச்சிருக்கியளா?" கையை விட்டுவிட்டார். மறுபடி கொடுத்தேன். "எதுலயுமே எழுதலியா?" அழுத்தினார். இனி தேட வேண்டியதில்லை என்பதாவது தெரிந்தது. "அன்னிக்கு நான் ஊக்கை விட்டப்ப வேண்டாம்னுதான் சொன்னியளா?" வலிக்கிற அளவுக்கு அழுத்தினார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் லைன்மேன் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பெட்டியைப் பார்த்ததுமே என்ன நடந்ததென்று கண்டுபிடித்துவிட்டார். ஐடியும் பாஸ்வேர்டும் ஆஃபீஸிலிருந்துதான் வர வேண்டும், அதற்கு சாருடைய ஃபோனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அதைச் சொல்லுங்கள் என்றார்.

அவருடைய ஃபோனை நான் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். சொந்தக்காரர்கள் கூப்பிட்டால் எடுக்கத் தெரியும், திறக்கத் தெரியாது. செய்தி வந்த சத்தம் கேட்டது. திரையில் எண் தெரியவில்லை, பூட்டுதான் தெரிந்தது. சாரின் விரலை வைத்துப் பாருங்கள் பெஹன்ஜி என்றார் லைன்மேன். போர்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்துக் கட்டைவிரலை ஃபோனில் வைத்து அழுத்தினேன். குளிர்ந்து கனத்த கை. என் கணவர் வேறு யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோன் ஏற்கவில்லை. ரகசிய எண்ணைப் போடு என்றது.

எங்கள் கல்யாண வருஷத்தைப் போட்டேன். மகளின் பிறந்த வருஷத்தைப் போட்டேன். இரண்டும் தப்பு. அடுத்து என்ன போடுவது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது அவருடைய இடது கை என் கையிலிருந்த ஃபோனைத் தொட்டது. தட்டு மாதிரி அகல விரித்துப் பிடித்தேன். ஆள்காட்டி விரல் தேடித் தேடி ஒரு எண்ணில் இறங்கியது. அடுத்ததற்கு வெகுநேரம் ஆனது. லைன்மேன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நாலாவது எண்ணை அமுக்கியதும் ஃபோன் திறந்தது.

அதற்குள் அந்த ஓ.டி.பி.யின் நேரம் முடிந்துவிட்டிருந்தது. லைன்மேன் இன்னொன்று வரவழைத்தார். பிறகு வைஃபைக்குப் புதிதாக ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவரே ஒன்றை வைத்து, சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதை என் ஃபோனில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். நான், ஸ்டெனோ. மூன்றாவது தடவை இணைந்தது.

புதன்கிழமை பாடம் வீட்டுக்குள் நடந்தது. இருபது நிமிஷம் ஆ, ஊ, ஈ. தம்ளர் படத்தைக் காட்டினார் ஆசிரியை. அவர் நோ என்றார். நாய்க்குட்டிப் படத்துக்கும் நோ. பரவாயில்லை சார், வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று ஆசிரியை சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

அது ஆகி இப்போது நாலு மாதம். பத்துப் பதினைந்து வார்த்தைகள் வந்திருக்கின்றன. சில நாள் அவற்றில் பாதி வருவதில்லை. பாட நாட்களில் பத்தரை மணிக்கே நான் அந்தப் பெட்டியின் முன்னால் போய் நின்றுவிடுகிறேன். பச்சை விளக்கு எரிந்தால் நாற்காலியை இழுத்துப் போடுகிறேன். போன வாரம் மழையன்று சிவப்பு எரிந்தது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எதையும் தொடாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு மேல் அதுவாகவே பச்சைக்கு மாறியது. அதற்குள் ஆசிரியை வேறொருவரின் பாடத்துக்குப் போய்விட்டிருந்தார்.