ஆலம்பரைக் கோட்டையில் எடுத்த சீட்டு

கடப்பாக்கம். விக்டோரியா மகாராணி காலத்து நடிகை ஒருத்தி எதிர்காலம் சொல்லும் டாரட் சீட்டுகளால் மாயம் செய்வதுதான் என் நாடகத்தின் கதை. அதன் விளம்பரத்துக்குப் படமெடுக்க ஆலம்பரைக் கோட்டைக்கு வந்திருக்கிறோம். இடிந்த சுவரோரம் நீளக் கவுனில், சீட்டுகளோடு அமர்ந்திருக்கிறாள் நடிகை மாலதி.

மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு பெண் அவளெதிரே உட்காருகிறாள்.

"எங்க வூட்டுக்காரரு நேத்தே கரைக்கு வந்திருக்கணும். ஒரு சீட்டு எடுத்துப் பாரும்மா."

மாலதி தயங்கித் தயங்கி எடுக்கிறாள். குதிரைமேல் எலும்புக்கூடு; சாவுச் சீட்டு. சட்டென்று அதைக் கவிழ்த்துவிடுகிறாள்.

"நான் ஜோசியக்காரி இல்லக்கா. நடிக்கிறவ."

"தெரியும். நடிச்சாவது சொல்லு, வந்துகினு கீறாருன்னு."

மாலதி அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

"வந்துகினு கீறாருக்கா."

அதுவரை கலங்காத அந்தப் பெண், அதைக் கேட்ட பிறகுதான் அழ ஆரம்பிக்கிறாள்.