கடல் இல்லாத ஊருக்கு ஒரு டிசம்பர் பயணம்

காத்தமுத்து போய்விட்டான்.

இன்று காலை, போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரியில். நெஞ்சு வலி. நான் கீழே டீ வாங்கிக்கொண்டு மாடி ஏறுவதற்குள்...

ஐஸ் பிளாண்ட்டில் என்னோடு வேலை பார்த்தவன். நான் இந்தப் பக்கத்தில் அடிக்கடி பதிவு போட்டுப் பீற்றிக்கொள்வேனே, ‘அகில அந்தமான் வடதுருவப் பேரியக்கம்’, அதன் பொதுச்செயலாளர். தலைவர் நான். உறுப்பினர்கள் கிடையாது.

அந்தப் பதிவுகளுக்கெல்லாம் சிரித்தீர்கள். சிரிக்கத்தான் எழுதினேன். எதற்காகப் போகிறோம் என்பதை மட்டும் அவன் எழுத விடவில்லை.

காத்தமுத்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்து ஆள். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சுனாமியில் மனைவியும் மகளும் போனார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு போர்ட் பிளேருக்கு வந்தான். படகுத்துறையை ஒட்டின ஐஸ் பிளாண்ட்டில், ஜன்னலே இல்லாத குளிர் அறை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வேறு யாரும் கேட்காத வேலை அது.

ஒவ்வொரு டிசம்பர் இருபத்தாறும் ஊர் கரையில் கூடி மெழுகுவத்தி ஏற்றும். அவன் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

ஒரு வருடம் வெளியே வந்ததும் போனை நீட்டினான். அதில் ஒரு வீடியோ. வானம் பூராவும் பச்சை வெளிச்சம், சேலை காய்கிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது.

“இது எந்த ஊருண்ணே?”

“துருவ ஒளின்னுவாங்கடா. ஊரு நார்வே. கடலோரம்.”

“அப்ப வேணாம். கடல் இல்லாத ஊராப் பாருங்க. அந்த ஒரு நாளைக்கு நான் அங்க இருக்கணும்.”

அன்று தொடங்கியது பேரியக்கம். பூமி உருண்டையைச் சப்பாத்தி மாதிரி புரட்டிப் புரட்டிப் போட்டுத் தேடினேன். கடைசியில் அகப்பட்டது பின்லாந்தின் வடக்கில் உள்ள ரொவானியெமி.

டெல்லியிலிருந்து ஹெல்சின்கி. அங்கிருந்து ரயில், படுக்கை எடுக்காமல் உட்கார்ந்தபடியே. சமையலறை உள்ள ஹாஸ்டல். அரிசியும் கருவாடும் இங்கிருந்தே. டூர் பஸ் வேண்டாம்... ஊர் விளக்கு தெரியாத ஆற்றங்கரை வரை நடந்தால் போதும்.

“ஆறு இருக்குடா. பரவாயில்லையா?”

யோசித்தான். “ஒறைஞ்சிருக்கும்லண்ணே? அப்ப சரி.”

எங்களுக்குள் ஒரே சண்டை தேதிதான். கிறிஸ்துமஸ் வாரத்தில் அங்கே எல்லாம் ஆனை விலை. ஜனவரி பாதியில் போனால் எவ்வளவோ குறையும் என்று தலைவர் என்ற முறையில் ஆணையிட்டேன்.

“ஜனவரியில எனக்கு அங்க என்னண்ணே வேலை?” என்றான்.

அதனால் வருடம் தள்ளித் தள்ளிப் போயிற்று. இந்த வருடம்தான் டிக்கெட் எடுத்தோம்.

குளிருக்குப் பயிற்சி அவன் வேலை பார்க்கிற குளிர் அறையிலேயே. நான் ஊரிலுள்ள ஸ்வெட்டரையெல்லாம் போட்டுக்கொண்டு நின்றேன். மீசை உறைந்து, தட்டினால் உடையும். பேசினால் வார்த்தை கட்டி கட்டியாகத் தரையில் விழுந்தது. அவனோ அரைக்கைச் சட்டை.

“மூஞ்சி வெளுத்துருச்சுண்ணே. உங்கள பின்லாந்துக்காரன்னே விட்ருவானுங்க.”

போன மாதம் அவனுக்கு நெஞ்சு அடைத்தது. டாக்டர் பார்த்துவிட்டு, “மெயின்லேண்ட் ஜானா படேகா. ஜல்தி” என்றார். கடல் தாண்டி சென்னைக்குப் போயாக வேண்டும், அதுவும் சீக்கிரம்.

தீவுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பல் பிடுங்குவதானாலும் பட்டுப் புடவையானாலும் நாம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒரே மெயின்லேண்ட் பயணத்தில்தான் முடிப்போம். கப்பல் தள்ளிப்போகும், பிளைட் ரத்தாகும் என்று சும்மா நாலு நாள் கையிலும் வைத்துக்கொள்வோம். விசா வேலையும் இருந்ததால் எங்கள் திட்டத்தில் சென்னைக்கு நிறையவே நாள் ஒதுக்கியிருந்தோம்.

“அதான் சென்னையில நாள் கெடக்கேண்ணே. அதுல ஹார்ட்டையும் காட்டிட்டு அப்படியே மேல போயிரலாம். ரெண்டு தடவ டிக்கெட் எதுக்கு?”

“டேய், ஹார்ட் என்ன மூக்குக்கண்ணாடியா, போற வழியில மாத்திக்கிட்டுப் போக? நாளைக்கே கெளம்புடா.”

சிரித்தான். பிறகு சிரிக்காமல் சொன்னான். “இப்பப் போனா படுக்க வச்சிருவாங்கண்ணே. டிசம்பர் போயிரும்.”

கத்தினேன். அவன் தம்பியும் அழுது பார்த்தான். அசையவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தான். “பனிக்கரடியெல்லாம் உனக்காக லைன் கட்டி நிக்குதுடா, எந்திரி” என்றேன்.

“அங்க கரடி கிடையாதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க...”

அதுதான் கடைசிப் பேச்சு.

காலையில் வராந்தாவில் அவன் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணியும் பாப்பாவும் கடல்லதானே இருக்காங்க. சாம்பலக் கொண்டுபோய் அவங்ககிட்டயே சேத்துரலாமாண்ணே?”



“முத்து என்ன சொல்லுவான்?” என்று மட்டும் கேட்டேன்.

“கடல் வேணாம்னுதான் அண்ணன் சொல்லும்” என்றான் தம்பி. “என் தோட்டம் மேட்டுலதாண்ணே இருக்கு. அங்க வச்சுக்கறேன்.”

இன்று மூன்று மணிக்கு எடுக்கிறோம்.

வருகிறவர்கள் கடலோர மின்னி பே பக்கம் போய் நிற்க வேண்டாம். சுடுகாட்டுக்கு அதுதான் சீக்கிரம் போகிற வழி... ஆனாலும் வண்டியை மலை ரோட்டில் சுற்றிக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். அந்த வழியில் கடல் தெரியாது.

போயிட்டு வாடா, காத்தமுத்து.