வேலை இல்லாத நாள்

லஞ்சம் வாங்கி மாட்டினாள், அதனால் துரத்தினார்கள் என்று தெருவில் பேசுகிறார்களே, நாக்குக்கு எலும்பா இருக்கிறது? வக்கீலம்மாவை யாரும் துரத்தவில்லை. அவளாகத்தான் போனாள்.

வேலைக்காரர்கள் போடும் வழக்குகளில் அரசாங்கத்துக்காகப் பேசுவது அவள் உத்தியோகம். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற பெண்கள் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி வழக்குப் போட்டிருந்தார்கள். வருஷத்தில் ஒரு நாள் அவர்களுக்கு வேலையே இல்லை என்று காட்டிவிட்டால், தொடர்ந்து வேலை செய்ததாக ஆகாது. அது அதிகாரிகளின் சாமர்த்தியம். ஆனால் போன வருஷம் அப்படி வேலை இல்லை என்று அவர்கள் காட்டிய அதே நாளில் வக்கீலம்மாவின் அப்பா அங்கே படுத்திருந்தார். அவர் கட்டிலுக்கடியில் ஒருத்தி துடைத்ததை இவள் பார்த்திருந்தாள்.

"அன்னிக்கு வேலை செஞ்சாங்க சார், நானே பாத்தேன்."

"உங்களுக்குச் சம்பளம் குடுக்கிறது அவங்களா, நாங்களாம்மா?" என்றார் அதிகாரி. "செய்யலைன்னு சொல்லிட்டு உக்காருங்க."

வீட்டில் உலை கொதிப்பதே அவள் சம்பளத்தில்தான்.

ராத்திரி தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா, சோத்தை எண்ணிக்கிட்டிருக்கியா?" என்றாள் மகள். வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நீதிபதி நேராகவே கேட்டார். "அன்னிக்கு அவங்க வேலை செஞ்சாங்களா, இல்லையா?"

வக்கீலம்மா வழக்குக் கட்டை மூடி வைத்தாள். "இந்த வழக்குல நான் இனிமே பேச முடியாதுங்க ஐயா. கண்ணால பாத்தவ, சாட்சிதான் சொல்ல முடியும்."

கறுப்பு அங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டாள். அதிகாரி கூப்பிடக் கூப்பிட, கதவைத் தாண்டிப் போனாள்.